கொச்சியும் கோச்சியும்

மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் நுழைந்ததும் மிளகும் சுக்கும் கலந்த மணம் நம்மை எதிர்கொள்கிறது. தாழ்ந்த ஓட்டுக் கூரைகளைக் கொண்ட பழைய கிடங்குகள் சாலையின் இருபுறமும் நிற்கின்றன. ஒருபக்கத்துக் கிடங்குகளின் பின்வாசல்கள் காயலை நோக்கித் திறக்கின்றன. தோணியில் வந்த சரக்கு பின்வாசல் வழியே உள்ளே சென்று, விலை பேசப்பட்டு, முன்வாசல் வழியே வெளியேறிய காலம் ஒன்று இருந்தது. இந்தச் சாலையில் மலையாளத்துடன் கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் ஆகிய மொழிகள் பல தலைமுறைகளாகப் புழங்கி வந்துள்ளன. சரக்குடன் சொற்களும் கைமாறிய இடம் இது.

அப்படிக் கைமாறிய சொற்களுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. அது ஒரு ரயில்வேச் சொல்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் எர்ணாகுளம் சந்திப்பில் நின்றுகொண்டு, அருகில் இருப்பவரிடம், "தம்பி, கோச்சி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்பதாக எண்ணிப் பார்ப்போம். கேட்கப்பட்டவர் சற்றே திகைத்து, "இதுதான் ஐயா கொச்சி, வந்துவிட்டோமே!" என்று விடை கூறக்கூடும். இருவர் கூறுவதும் சரியே. முன்னவர் கேட்டது ரயில்வண்டியை. பின்னவர் சொன்னது ஊரை. இலங்கைத் தமிழரின் பேச்சில், சிறப்பாக யாழ்ப்பாணத்து மூத்த தலைமுறையினர் வாய்மொழியில், ரயில்வண்டிக்குக் 'கோச்சி' என்று பெயர். சிங்களப் பேச்சுவழக்கிலும் அது 'கோச்சிய'தான். ஊர்ப் பெயரின் முதலெழுத்து குறில்; வண்டிப் பெயரின் முதலெழுத்து நெடில். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரே ஒரு மாத்திரை.

ஒலியால் இவ்வளவு நெருங்கியிருக்கும் இவ்விரு சொற்களும் பிறப்பால் உறவினர் அல்லர். கோச்சி என்னும் சொல் எங்கே பிறந்து, யார் யாரிடம் கடனாகச் சென்று, தமிழுக்கு வந்து சேர்ந்தது என்று தேடினால், அது நம்மை ஹங்கேரி நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே செல்வதற்கு முன், மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் இருக்கும் வேறு சில கடன்சொற்களையும் பார்த்துவிடுவோம்.

கிடங்குகளில் கிடைத்த சொற்கள்

போர்ச்சுக்கீசியர் கொச்சிக்கு முதன்முதலில் வந்தது 1500-ஆம் ஆண்டில். 1663-இல் டச்சுக்காரர் அவர்களை வென்று கொச்சியைக் கைப்பற்றினர். 1795-இல் அது ஆங்கிலேயர் வசம் சென்றது. மட்டாஞ்சேரியில் உள்ள 'டச்சு அரண்மனை'யைப் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்தனர். டச்சுக்காரர் பின்னர் அதனைச் செப்பனிட்டனர். பெயரளவில் அது டச்சு, கட்டியோர் போர்ச்சுக்கீசியர், வாழ்ந்தோர் கொச்சி அரச குடும்பத்தினர். சொற்களின் வரலாறும் பெரும்பாலும் இந்த அரண்மனையின் வரலாற்றைப் போன்றதே.

நம் வீட்டில் உள்ள அலமாரி, அதைத் திறக்கும் சாவி, அருகே கிடக்கும் மேசை, காற்று வரும் சன்னல் ஆகிய நான்கும் போர்ச்சுக்கீசியரிடம் நாம் வாங்கிய சொற்கள். வங்கிக்கு வருவோர் அறிந்த 'ஏலம்' என்னும் சொல்லும் அவர்களுடையதே. போர்ச்சுக்கீச மொழியில் அது 'லெய்லாங்' போல ஒலிக்கும். மலையாளம் அதனை 'லேலம்' என்று ஏற்றுக்கொண்டது. சொல்லின் முதலில் லகரம் வருவது தமிழ் மரபன்று. ஆகவே தமிழ் அந்த லகரத்தை விட்டுவிட்டு 'ஏலம்' என்றது. அதன் விளைவாக, நமக்கு முன்பே சொந்தமாக இருந்த ஏலத்துடன், அதாவது ஏலக்காயுடன், இந்தப் புதிய ஏலம் ஒலியில் ஒன்றிவிட்டது. இரு ஏலங்களையும் ஒருசேரக் கண்ட சந்தை மட்டாஞ்சேரி.

காசைக் குறிக்கும் 'துட்டு' என்னும் சொல் டச்சுக்காரர் வழியாக வந்தது. அவர்களுடைய சிறு செப்புக் காசின் பெயர் 'டொயிட்'. அந்தக் காசு புழக்கத்திலிருந்து நீங்கி நெடுங்காலம் ஆகியும் சொல் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கிறது.

கொச்சி வாங்கியதுடன் நில்லாமல் கொடுத்தும் இருக்கிறது. மிளகாய்ச் செடி அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. போர்ச்சுக்கீசியர் கப்பல்களில் அது நம் கரைகளுக்கு வந்தது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் மிளகாயைக் 'கொச்சிக்காய்' என்பர். கொச்சியிலிருந்து வந்த காய் என்பதே அதன் பொருள். சிங்களத்திலும் சிறிய காரமான மிளகாய் ஒன்றுக்குக் 'கொச்சி' என்று பெயர். ஆக, இலங்கைத் தமிழர் வீட்டில் அடுக்களையில் இருப்பது கொச்சி. நிலையத்தில் வந்து நிற்பது கோச்சி. முன்னது மட்டாஞ்சேரிக் கரையை நினைவில் வைத்திருக்கும் சொல். பின்னது எந்தக் கரையை நினைவில் வைத்திருக்கிறது?

ஹங்கேரியின் ஒரு சிற்றூர்

ஹங்கேரியில் வியன்னாவையும் புடாவையும் இணைத்த பழைய நெடுஞ்சாலையை ஒட்டி 'கொச்' என்று ஓர் ஊர் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில், மத்தியாஸ் மன்னர் காலத்தில், அவ்வூர்த் தச்சர்கள் இலகுவாகவும் விரைவாகவும் ஓடக்கூடிய குதிரை வண்டிகளைச் செய்து பெயர் பெற்றனர். அவ்வண்டியைக் 'கொச்சி செகேர்' என்றனர். 'கொச் ஊர் வண்டி' என்பது பொருள். பத்தமடைப் பாய் என்றும் திண்டுக்கல் பூட்டு என்றும் நாம் சொல்வது போன்ற பெயர்தான் இது. நாளடைவில் வண்டி என்னும் பகுதி உதிர்ந்து, 'கொச்சி' என்பதே வண்டியின் பெயராயிற்று. ஹங்கேரிய மொழியில் இன்றும் காருக்கும் ரயில் பெட்டிக்கும் 'கொச்சி' என்றே பெயர். உச்சரிப்பு நம் கேரளத்துக் கொச்சியைப் போன்றதே!

வண்டி நன்றாக இருந்தால் அண்டை வீட்டாரும் கேட்பார்கள் அல்லவா? ஜெர்மானியர் அதனைக் 'குட்ஷே' என்றனர். பிரெஞ்சுக்காரர் 'கோஷ்' என்றனர். டச்சுக்காரர் 'கூட்ஸ்' என்றனர். ஆங்கிலேயர் 'கோச்' என்றனர். ஜெர்மன் மொழி வழியே அது ஸ்காண்டிநேவிய நாடுகளையும் அடைந்தது. ஆனால் அங்கே வண்டியைவிட வண்டியோட்டியிடம்தான் அது ஒட்டிக்கொண்டது. ஸ்வீடன், டென்மார்க், நார்வே ஆகிய மூன்று நாடுகளிலும் 'குஸ்க்' என்றால் குதிரை வண்டி ஓட்டுபவர்.

கடனாகச் சென்ற சொல், கொடுத்தவர் எண்ணியபடியே நடந்துகொள்வதில்லை. இதற்கு ஸ்காண்டிநேவிய ரயில் நிலையங்களே நல்ல சான்று. பிரெஞ்சு மொழியில் 'பெரோன்' என்பது மாளிகை வாயிலில் உள்ள கல்படிகளைக் குறிக்கும். ஸ்வீடனும் நார்வேயும் அதனைப் 'பெரோங்' என்று கடன் வாங்கி, ரயில் நடைமேடைக்குப் பெயராக்கின. ஆங்கிலேயர் தண்டவாளத்தை ஒருமையில் 'ரெயில்' என்றும், பன்மையில் 'ரெயில்ஸ்' என்றும் சொல்வர். ஸ்வீடன் மக்கள் அந்தப் பன்மையையே ஒருமை என்று கொண்டு, 'ரெல்ஸ்' என்று தம் மொழியில் சேர்த்துக்கொண்டனர். ஒரு தண்டவாளம் என்றாலும் அவர்களுக்கு அது ரெல்ஸ்தான். பல என்றால் அதன்மேல் தம் மொழியின் பன்மை விகுதி ஒன்றையும் சேர்ப்பர். ஆங்கிலேயரின் பன்மை விகுதி, அடையாளம் தெரியாத பயணியைப் போல, அந்தச் சொல்லுக்குள்ளேயே அமர்ந்துவிட்டது.

இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. நாமும் 'ஒரு பூட்ஸ்' என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் மேடையான எதற்கும் உரிய 'பிளாட்பாரம்', தமிழர்க்கு ரயில் நிலையத்தில் அறிமுகமாகிப் பின்னர் அங்கிருந்து இறங்கித் தெருவோர நடைபாதைக்குச் சென்றுவிட்டது. 'பிளாட்பாரக் கடை' என்றால் நிலையத்துக் கடை என்று நம்மில் எவரும் கருதுவதில்லை. திருநெல்வேலியில் 'ஜங்ஷன்' என்றால், நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்ப்பகுதி முழுவதையும் குறிக்கும்.

பெட்டி வண்டியானது

'கோச்' என்னும் சொல் ரயில்வேக்குள் எவ்வாறு நுழைந்தது? இங்கிலாந்தில் 1825-இல் ஸ்டாக்டன் - டார்லிங்டன் பாதையும், 1830-இல் லிவர்பூல் - மான்செஸ்டர் பாதையும் திறக்கப்பட்டபோது, பயணிகளை ஏற்றிச்செல்லும் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரி ஏதும் இல்லை. கைவசம் இருந்தது குதிரை வண்டி செய்யும் தச்சர்களின் தொழிலறிவு மட்டுமே. ஆகவே அவர்கள் குதிரை வண்டிக் கூடுகள் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சட்டத்தின்மேல் பொருத்தி, அதன் கீழ் இரும்புச் சக்கரம் பூட்டினர். ரயில் பெட்டிக்குள் தனித்தனி அறைகள் அமைந்ததன் தொடக்கம் இதுவே. உருவத்துடன் பெயரும் வந்தது. குதிரை போயிற்று, கோச் நின்றது.

இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணாவுக்குச் சென்றது. தென்னகத்தின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. இலங்கையில் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் ரயில் புறப்பட்டது. முன்பின் கண்டிராத இப்பொருளுக்கு ஒவ்வோர் ஊராரும் ஒரு பெயர் தேடினர். மலையாளிகள் 'தீவண்டி' என்று தம் மொழியிலேயே ஆக்கிக்கொண்டனர். தமிழில் புகைவண்டி, தொடர்வண்டி, தொடருந்து எனப் பல பெயர்கள் பிறந்தன. இலங்கையில் அலுவல் வழக்கில் 'புகையிரதம்' நிலைத்தது.

ஆனால் மக்கள் நாவில் நின்றவை கடன்சொற்களே. தமிழ்நாட்டில் 'ரயில்'; ஈழத்தில் 'கோச்சி'. இரண்டையும் நம் இலக்கணத்தின் துணைகொண்டு பார்த்தால் ஒரு சுவை புலப்படும். ஆங்கிலத்தில் ரெயில் என்பது தண்டவாளம், வண்டியன்று. அதன்மேல் ஓடும் வண்டிக்கு நாம் அப்பெயரை ஆக்கினோம். 'ஊர் சிரித்தது' என்னும்போது ஊரின் பெயர் ஊரில் வாழும் மக்களுக்கு ஆகிவருவதைப் போன்றது இது. ஆங்கிலத்தில் கோச் என்பது வண்டித்தொடரின் ஒரு பெட்டி. இலங்கைத் தமிழர் அவ்வுறுப்பின் பெயரை முழு வண்டிக்கும் ஆக்கினர். இது சினையாகுபெயரின் பாற்படும். இலக்கணம் கற்றோர் கூடி எடுத்த முடிவன்று இது. நிலையத்தில் கூடி நின்ற எளிய மக்கள், தமக்குள் ஊறிய மொழியறிவால் ஒரே தலைமுறையில் செய்துவிட்ட வேலை.

தங்கத்தில் போட்ட பாதை

கொச்சிக்கு ரயில் வந்த கதையில் கடனுக்கு மாற்றான வழி ஒன்று பேசப்படுகிறது. 1895 முதல் 1914 வரை கொச்சியை ஆண்ட இராமவர்மர், ஷொறணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு இருப்புப்பாதை அமைக்க விரும்பினார். சிறிய சமஸ்தானத்தின் கருவூலம் அதற்குப் போதவில்லை. திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோவில் யானைகளுக்குரிய 15 தங்க முகபடாம்களில் 14-ஐ விற்று அவர் பணம் திரட்டினார் என்று கொச்சி மக்கள் இன்றும் பெருமையுடன் கூறுகின்றனர். சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் 1902 ஜூலை 16 அன்று பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. நகையை விற்றுத் தொழில் தொடங்கிய குடும்பங்களின் கதையை வங்கி வாடிக்கையாளர்கள் அறிவர். ஓர் அரசே அவ்வாறு செய்ததற்கு இது சான்று.

அந்தப் பாதை மட்டாஞ்சேரியை எட்டவில்லை. நடுவே காயல் கிடந்தது. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ, கப்பல்கள் உள்ளே வருவதற்காகக் காயலை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொண்டு ஒரு தீவையே உருவாக்கினார். அதுவே வில்லிங்டன் தீவு. 1930-களில் ஷொறணூர்ப் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டது. தீவுக்குப் பாலமும் இருப்புப்பாதையும் வந்தன. கப்பலும் ரயிலும் அருகருகே நின்ற கொச்சித் துறைமுக முனையத்திலிருந்து சென்னைக்கும் வண்டிகள் புறப்பட்டன. அப்பாதையில் 'மட்டாஞ்சேரி ஹால்ட்' என்று ஒரு நிறுத்தமும் இருந்தது. பெயர்தான் மட்டாஞ்சேரி, நின்றது தீவில். உண்மையான மட்டாஞ்சேரிக்கு அங்கிருந்து நீரைக் கடந்தே செல்ல வேண்டும்.

இந்த நூற்றாண்டில் அப்பாதையின் பயணிகள் போக்குவரத்து நின்றுபோயிற்று. 2018-இல் சிறிது காலம் மீண்டும் ஓடிப் பார்த்த வண்டியும் நீடிக்கவில்லை. ஆயினும் ரயில்வேச் சொல் ஒன்று இப்போது மட்டாஞ்சேரியை வந்தடைந்துவிட்டது. அதுவும் நீர் வழியாக! இலண்டனில் 1863-இல் திறக்கப்பட்ட உலகின் முதல் சுரங்க ரயில், மெட்ரோபாலிட்டன் ரயில்வே என்னும் நிறுவனத்துடையது. பாரிஸ் நகரம் 1900-இல் தன் சுரங்க ரயிலுக்கு அதே பெயரை வைத்து, பின்னர் அதனை 'மெட்ரோ' என்று சுருக்கிக்கொண்டது. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் 2002-இலும், நம் கொச்சி 2017-இலும் அச்சொல்லை ஏற்றன. 2023-இல் கொச்சி மேலும் ஓரடி எடுத்துவைத்து, தீவுகளை இணைக்கும் மின்படகுப் போக்குவரத்துக்கு 'வாட்டர் மெட்ரோ' என்று பெயரிட்டது. 2025-இல் மட்டாஞ்சேரியிலும் அதன் துறை திறக்கப்பட்டது. சுரங்கத்தில் பிறந்த ரயில் ஒன்றின் பெயர், தண்டவாளமே இல்லாத படகுக்கு ஆகிவிட்டது. மட்டாஞ்சேரிப் பாட்டி ஒருவர் "மெட்ரோவில் போய் வருகிறேன்" என்று சொன்னால், அவர் படகில் செல்கிறார் என்றும் பொருள்படும்.

வண்டி இல்லாத ஆண்டுகளில்

கொச்சியில் தீவண்டி வந்த அதே 1902-ஆம் ஆண்டு, மார்ச் மாதத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் முதல் ரயில் ஓடியது. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை. 1905 ஆகஸ்டில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேரடிப் பாதை முழுமை பெற்றது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை செல்லலாம். தனுஷ்கோடி வரை ஏறி வந்தது ரயில். கப்பலைவிட்டு இறங்கித் தலைமன்னாரில் ஏறியது கோச்சி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்த இணைப்பு அறுந்தது.

1956 ஏப்ரலில் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 'யாழ்தேவி' என்னும் விரைவு ரயில் ஓடத் தொடங்கியது. கொழும்பில் பணிபுரிந்த யாழ்ப்பாணத்தாருக்கு அது பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் வழி. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ஊர் திரும்பும் வழி. போர் முற்றியபோது, 1990 ஜூன் மாதத்துடன் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வருவது நின்றது. பின்வந்த ஆண்டுகளில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. அவையும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகள் அமைக்க எடுத்துச் செல்லப்பட்டன. நிலையக் கட்டடங்கள் சிதைந்தன. பாதை இருந்த இடத்தில் மேடு மட்டும் எஞ்சியது.

அந்த 24 ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், ஊரைவிட்டு வெளியே சென்றாலன்றி ரயிலைக் கண்டதில்லை. ஆனால் 'கோச்சி' என்னும் சொல்லை அவர்கள் கேட்டிருந்தனர். "அப்பு கோச்சியில் கொழும்புக்குப் போனவர்" என்று அம்மம்மா சொன்ன கதையில் அது இருந்தது. பொருள் ஊரைவிட்டுச் சென்ற பின்னும், சொல் வீட்டில் தங்கியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கோச்சி என்பது வாகனத்தின் பெயராக இருந்ததைவிட, அமைதிக் காலத்தின் பெயராகவே இருந்திருக்கும்.

போர் 2009-இல் முடிந்தது. வடபகுதிப் பாதையை ஓமந்தையிலிருந்து காங்கேசன்துறை வரை மீண்டும் அமைக்கும் பணியை இந்திய அரசு நிறுவனமான இர்கான் மேற்கொண்டது. அதற்கான பணம் இந்தியா இலங்கைக்கு அளித்த கடனுதவியிலிருந்து வந்தது. 2013-இல் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும் ரயில் வந்தது. 2014 அக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணம் நிலையத்துக்குள் மீண்டும் ரயில் நுழைந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையும் இணைந்தது. நிலையத்தின் பெயர்ப்பலகையில் 'புகையிரத நிலையம்' என்றே இருந்தது. பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பார்க்கச் சென்ற முதியோர்க்கு வந்தது கோச்சிதான். கடனாக வந்த பெயர், தனக்குரிய வண்டிக்காக 24 ஆண்டுகள் காத்திருந்தது; அந்த வண்டியும் கடனுதவியால் அமைந்த பாதையிலேயே வந்தது.

கடன் என்னும் சொல்

கடனைப் பற்றி வங்கியின் இதழில் எழுதும்போது ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் இருக்க இயலாது. பணக்கடனுக்குத் தவணை உண்டு, வட்டி உண்டு, திருப்பிச் செலுத்தினால் கணக்கு முடியும். சொற்கடனுக்கு இவை எவையும் இல்லை. ஹங்கேரியின் கொச் ஊரார் தம் சொல்லைக் கேட்டு யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பப் போவதில்லை. கொடுத்ததால் அவர்களிடம் அது குறைந்துவிடவும் இல்லை. ஆயினும் சொற்கடனுக்கும் ஒரு விதி உண்டு. கையில் வைத்துப் புழங்கும் வரையில்தான் அது நம்முடையது. புழங்காத சொல்லை ஏலம்விட்டு மீட்கவும் வழியில்லை.

மட்டாஞ்சேரியிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடம் இன்றும் அழகு குன்றாமல் நிற்கிறது. ஆனால் எபிரேயச் சொற்கள் கலந்து மலையாளம் பேசிய அக்குடும்பங்களில் பெரும்பாலானவை, 1948-இல் இஸ்ரேல் உருவான பின்னர்ப் படிப்படியாக அங்கே குடிபெயர்ந்துவிட்டன. கட்டடத்தைப் பார்க்க நாள்தோறும் பயணிகள் வருகின்றனர். அந்த மலையாளத்தைக் கேட்க வேண்டுமானால் யூதத் தெருவில் நின்று காத்திருந்து பயனில்லை. கடல் கடந்து சென்று மிகவும் முதிர்ந்தோரைத் தேட வேண்டும்.

கோச்சியின் நிலையும் இன்று பாதுகாப்பானதன்று. யாழ்ப்பாணத்து இளையோர் 'ட்ரெயின்' என்கின்றனர். தமிழ்நாட்டு இளையோரும் அவ்வாறே. கொச்சியில் தீவண்டிக்கும் அதே நிலைதான். ஒரு கடன்சொல்லின் இருக்கையில் மற்றொரு கடன்சொல் வந்து அமர்கிறது. இதனைத் தடுப்பது எவராலும் இயலாது. தடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் எழுந்து செல்லும் சொல், தன்னுடன் எதை எடுத்துச் செல்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. 'கோச்சி' மறைந்தால் அதனுடன் குதிரை வண்டித் தச்சர்களும், தலைமன்னார்த் துறையும், ரயில் இல்லாத ஊரில் அம்மம்மா சொன்ன கதையும் சேர்ந்தே மறையும்.

தமிழில் கடன் என்பதற்கு இரு பொருள்கள் உண்டு. வாங்கியது என்பது ஒன்று. செய்ய வேண்டிய கடமை என்பது மற்றொன்று. இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு மூத்தோருடன் ரயிலில் செல்ல நேர்ந்தால், அவர்கள் சிறுவயதில் அந்த வண்டியை, அந்த மேடையை, டிக்கெட் பரிசோதகரை என்ன பெயரால் அழைத்தனர் என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதி, நாளும் பெயரும் இட்டு, வீட்டுப் பத்திரங்களுடன் வையுங்கள். அலமாரியும் சாவியும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.